எண்ணெய்க் காலோடு ஏணியில் நின்றவர்

நம் சோலார் வெந்நீர் கம்பெனியின் சர்வீஸ் போனைக் கையில் வாங்கிய புதுப்பிள்ளைகள் எல்லாரும் முதல் வாரத்தில் ஒரே மாதிரிதான் பேசுகிறீர்கள். டேங்கில் எத்தனை டிகிரி காட்டுகிறது, பம்ப் ஓடுகிறதா, எந்த வருடத்து மாடல். ஓய்வு பெற்ற பிறகும் நான் ஷா ஆலம் அலுவலகத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து உங்கள் காப்பியைக் குடிக்கிறேன் இல்லையா, அப்போது காதில் விழும். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் முதல் கேள்வி அதுவல்ல. "நீங்க இப்ப எங்க நிக்கிறீங்க?" இதுதான் முதல் கேள்வி. இதைச் சொன்னால் நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறீர்கள். கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பு. சிரியுங்கள். சிரித்துவிட்டு இதைப் படியுங்கள்.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெந்நீர் என்பது ஒரு சொகுசு, அவ்வளவுதான். சோலார் கெட்டுப்போனால் பிரிக்ஃபீல்ட்ஸில் யாரும் விறைத்துப்போகப் போவதில்லை. வேர்த்து வழிகிற ஊரில் ஒருநாள் பச்சைத் தண்ணீரில் குளித்தால் குறைந்தா போய்விடும்? சுங்கை பூலோவில் ஒரு ஆன்டி, "தண்ணி ரொம்ப சுடுது, கொஞ்சம் கொறைச்சு அனுப்ப முடியுமா" என்று மாதம் தவறாமல் எனக்குப் போன் செய்வார். நான் ஏதோ இங்கே உட்கார்ந்து அடுப்பு மூட்டுகிறேன் என்று நினைத்திருந்தார், பாவம். இப்படிப்பட்ட போன்களை எடுத்து எடுத்து நமக்கு ஒரு அலட்சியம் வந்துவிடும். அந்த அலட்சியத்தோடு மலையிலிருந்து வரும் போனை எடுக்கக்கூடாது.

மலையில் வெயில் வேறு. கேமரன் மலையில் காலையில் பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் வந்து கூரையில் உட்கார்ந்துகொள்ளும். தீபாவளி சமயத்தில் கேட்கவே வேண்டாம், வாரக்கணக்கில் மழை. அதனால்தான் மலையில் உள்ள தங்கும் விடுதிகளுக்கு நாம் டேங்கோடு கரண்ட் ஹீட்டரும் சேர்த்துக் கொடுக்கிறோம். வெயில் இல்லாத நாளில் சுவிட்சைப் போட வேண்டும், சிவப்பு லைட் எரியும், விடிவதற்குள் தண்ணீர் சூடாகிவிடும். இவ்வளவுதான் உங்களுக்குத் தெரிய வேண்டிய தொழில்நுட்பம். மீதிக் கதை மனிதர்களைப் பற்றியது.

குணா என்று ஒருவர். கிள்ளான் பக்கத்துக் காப்பார் ஊர்க்காரர். அவர்கள் குடும்பம் லோரிக் குடும்பம். அப்பா போன பிறகு அண்ணன் செல்வம்தான் எல்லாவற்றையும் நடத்தினார். புது லோரி வந்தாலும் சரி, பழைய லோரிக்குப் புது டயர் மாட்டினாலும் சரி, செல்வம் கையால் சந்தனப் பொட்டு வைக்காமல் வண்டி வாசலைத் தாண்டாது. அப்படிப்பட்ட வீட்டில், தம்பி ஒருநாள் எனக்கு இந்த லோரி வேண்டாம், மலையில் ஒரு விடுதி எடுத்து நடத்தப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். அண்ணனுக்கு அது தன்னையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. "குளிர்ல நடுங்கிக்கிட்டு நீயே திரும்பி வருவ" என்று சொன்னதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு சில தீபாவளிகள் இவர்கள் இங்கே, அவர் அங்கே.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். குணா விடுதிக்கு சோலார் போட்டது நாம். இடம் பார்க்கப் போனது நான். அந்த மனிதர் டீயும் ஸ்ட்ராபெரியும் கொடுத்து, கூரையைக் காட்டுகிற சாக்கில் தன் கதையையும் காட்டிவிட்டார். பின்பக்கக் கூரையை நான் நன்றாகப் பார்த்தேன். தகரக் கூரை, நிழல் பக்கமெல்லாம் பாசி. அதற்குக் கீழே சின்னதாக ஒரு புல்தரை, அதைத் தாண்டினால் சரிவு, சரிவில் படிப்படியாகக் கோஸ் தோட்டம். இங்கே கால் வழுக்கினால் தோட்டக்காரர்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று அன்றைக்கே விளையாட்டாகச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் குணா போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது. அண்ணன் குடும்பத்தோடு மலைக்கு வருகிறாராம். அண்ணி பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறார். தீபாவளியை விடுதியிலேயே கொண்டாடப் போகிறார்கள், விடியற்காலையில் எல்லாருக்கும் அண்ணன்தான் எண்ணெய் வைப்பார், அது அப்பா காலத்திலிருந்து வீட்டுப் பெரியவர் செய்கிற வேலை என்றார். "எனக்கும் வைப்பாருக்கா" என்றார். பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்டார். மழை விடாமல் பெய்கிறது, முதல் நாள் சாயங்காலமே ஹீட்டர் சுவிட்சைப் போடுங்கள், விடியும் வரை எரியட்டும், அடைக்காதீர்கள் என்று இரண்டு தரம் சொன்னேன். சரி என்றார்.

தீபாவளி அன்று சர்வீஸ் போனை நம் மலாய், சீன நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் பெருநாளுக்கு நாம் பார்த்துக்கொள்வோம். நல்ல வழக்கம், விட்டுவிடாதீர்கள். அதனால் அன்று விடியற்காலையில் நான் கிள்ளானில் என் வீட்டுச் சமையலறையில், பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெயோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தார். அப்போது என் சொந்தப் போன் அடித்தது. வீடியோ கால். குணா. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, எண்ணெய் விரலால் திரையைத் தேய்த்து எப்படியோ எடுத்தேன்.

வாழ்த்து இல்லை. இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் பாதி முகம் தெரிந்தது. நெற்றியும் கன்னமும் எண்ணெயில் பளபளத்தன. மூச்சு வாங்கியது. தண்ணீர் ஐஸ் மாதிரி வருகிறது, எல்லாரும் எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஊற்றிக்கொண்டு அலறிவிட்டார்கள், மேலே எந்த வால்வைத் திருப்ப வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள் என்றார். வால்வைக் காட்டுவதற்காகப் போனைத் திருப்பினார். வால்வு தெரியவில்லை. ஏணிதான் தெரிந்தது. ஏணியின் நடுப்படியில் அவருடைய வெறுங்கால் தெரிந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. காலிலும் எண்ணெய்.

பாசி பிடித்த தகரம், மழை, இருட்டு, எண்ணெய்க் கால், கீழே அந்தச் சரிவு. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் இந்தக் கோலத்தில் கூரை ஏற மாட்டான். நம் ஆள் ஒருவன்தான், வருடத்தில் ஒரே ஒரு விடியற்காலையில் ஏறுவான்.

என் கோபம் உங்களுக்குத் தெரியும். மூக்குக்கு மேல் வரும். "அறிவிருக்கா உங்களுக்கு, இறங்குங்க மொதல்ல" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். ஏன் விழுங்கினேன் என்றால், அந்த மனிதர் யாரிடமும் இன்னொரு திட்டு வாங்கும் நிலையில் இல்லை. நான் கத்தினால் போனைக் கட் செய்துவிட்டு ஏறிவிடுவார். அப்புறம் என் கையில் இருப்பது எண்ணெய் அப்பிய ஒரு திரை மட்டும்தான். ஏறாதே என்று சொன்னால் சில பேருக்கு ஏறத்தான் தோன்றும். அப்படிப்பட்டவருக்குக் கீழே ஒரு வேலை கொடுக்க வேண்டும்.

"குணா, என் கண்ணுல எண்ணெய் எறங்கிருச்சு, ஒண்ணும் தெரியல. வால்வ அப்புறம் பார்ப்போம். கிச்சன் பக்கத்துல சுவிட்ச் இருக்கில்ல, அதுல செவப்பு லைட் எரியுதான்னு பார்த்துச் சொல்லுங்களேன்."

"அது எரியாதுக்கா."

பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. எரியவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. எரியாது என்றார். அதை அடைத்தது யார் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. நான் ஏன் என்று கேட்கவில்லை. சரி, இறங்கிப் போய்ப் போட்டுவிடுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றேன்.

"இப்பப் போட்டா எப்பக்கா சூடாகும்?"

பொய் சொல்லவில்லை. காலைப் பசியாறும் நேரமாகிவிடும் என்றேன்.

அவர் மெதுவாக, யார் காதிலும் விழுந்துவிடக்கூடாது என்கிற மாதிரி பேசினார். முதல் நாள் சாயங்காலம் வந்து இறங்கிய கூட்டம் முழுவதும் குளிரில் நடுங்கிப்போய் ஆளாளுக்கு வெந்நீரில் குளித்திருக்கிறது. அண்ணனும் குளித்துவிட்டு, பரவாயில்லையே என்று தலையாட்டியிருக்கிறார். எல்லாம் வெயிலில் சூடாவது, கரண்டே தேவையில்லை என்று இவர் பெருமை அடித்திருக்கிறார். அப்போது பார்த்து அண்ணன் கண்ணில் அந்தச் சிவப்பு லைட் பட்டிருக்கிறது. இது என்னடா, உன் சூரியன் இங்கே சுவரில் எரிகிறதா என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்திருக்கிறார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். படுக்கப் போகும்போது சுவிட்சை அடைத்துவிட்டுப் போய்விட்டார். டேங்கில் இருக்கிற சூடு காலை வரை தாங்கும் என்று நினைத்தாராம்.

"இன்னிக்கி அண்ணன் எனக்கு எண்ணெய் வச்சாருக்கா" என்றார். "மொதல்ல எனக்குத்தான் வச்சாரு. இப்ப நான் போயி என்னன்னு சொல்றது?"

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. அவர் பழுது பார்க்க ஏறவில்லை. மேலே ஏதோ பழுது என்று காட்டுவதற்கு ஏறுகிறார். கூரையில் நான்கு தட்டுத் தட்டிவிட்டு இறங்கி வந்து, மிஷின் கெட்டுப்போச்சு அண்ணே என்று சொன்னால் மானம் தப்பிவிடும். அந்த நான்கு தட்டுக்காக அந்த மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பரிதாபமாக இருந்தது. அந்த இடத்தில் என் தம்பி நின்றிருந்தாலும் இதையேதான் செய்திருப்பான்.

"குணா, மிஷின் மேல பழியப் போடணும், அவ்வளவுதானே? போடுங்க. உங்க அண்ணன்கிட்ட நானே பேசுறேன். எங்க கம்பெனி கோளாறுன்னு சொல்றேன். அதுக்கு நீங்க மேல போகத் தேவையில்லலா. எறங்குங்க."

என் பின்னால் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

திரை ஆடியது. இறங்க ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு படிக்கும் ஏணி கிறீச்சிட்டது. எனக்குப் பாதி உயிர் வந்தது. அப்போதுதான் வழுக்கியது. தடால் என்று ஒரு சத்தம், டார்ச் எங்கோ உருண்டது, திரை முழுவதும் கறுப்பு. கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். என் முகத்திலிருந்து வழிந்தது எண்ணெயா கண்ணீரா என்று எனக்கே தெரியவில்லை. இத்தனை வருட சர்வீஸில் அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு மிக நீளமானது.

பிறகு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஓடி வந்தார்கள். "என்னடா பண்ற இங்க? அடிபட்டுச்சா?" என்று ஒரு கனத்த குரல். இல்லை அண்ணே, கடைசிப் படிதான், புல்லுல விழுந்தேன் என்று குணாவின் குரல் வந்தது. நான் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். இறங்கி முடிக்கிற இடத்தில் வழுக்கியது. மேலே ஏறியிருந்தால், அதை நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதில்லை.

புல்லிலிருந்து போனை எடுத்தவர் செல்வம். திரையில் துண்டு கட்டிய ஒரு பெரிய உருவம், அதுவும் எண்ணெயில் மின்னியது. இந்தப் பக்கம் நானும் அதே கோலம். யாரம்மா நீங்கள் என்று கேட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் இல்லையா, நான் ஆரம்பித்துவிட்டேன்: சோலார் கம்பெனியிலிருந்து பேசுகிறேன், தப்பு எங்கள் பக்கம்தான், மேலே ஒரு வால்வு...

"இல்லண்ணே" என்று குணா குறுக்கே வந்தார். "அக்கா எனக்காகப் பொய் சொல்றாங்க. நான்தான் ராத்திரி சுவிட்ச அடைச்சேன். நீங்க சிரிச்சீங்க இல்ல, அதான்."

திரையில் செல்வத்தின் முகம் மட்டும் தெரிந்தது. தம்பியின் காலைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய மனிதர் முகம் உடைவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

"எண்ணெய் வச்சவன் நான்தானே" என்றார். "தண்ணி ஊத்தறதும் நான்தான். எந்திரி."

அதற்குப் பிறகு அங்கே நடந்தது திருவிழா. விடுதிச் சமையலறையில் இருந்த பெரிய பானைகளெல்லாம் கேஸ் அடுப்பில் ஏறின. லோரி ஆட்களை வேலை வாங்கிய மனிதர் இல்லையா, யார் பிடிப்பது, யார் தூக்குவது, யார் விளாவுவது என்று ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டார். கொதிக்கிற தண்ணீரைப் பானையோடு தூக்க வேண்டாம், வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர், பிள்ளைகள் அடுப்பு பக்கமே வரக்கூடாது என்று நான் லைனில் இருந்து கத்தினேன். கத்த வேண்டிய இடத்தில் கத்தலாம். அண்ணி போனைச் சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார், அதனால் எல்லாமே எனக்குத் தெரிந்தது. முதல் வாளியைச் செல்வமே தூக்கிக்கொண்டு போனார். குளியலறைப் பக்கமிருந்து சீயக்காய் கண்ணில் போய்விட்டது என்று நாற்பது வயதுக்கு மேலான ஒரு ஆள் கத்தும் சத்தம் வந்தது. பேசாம குனிடா என்று இன்னொரு சத்தம்.

நான் போனை வைத்தபோது வெளியே வெளுத்துவிட்டது. என் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. "ஊரையே குளிப்பாட்டியாச்சு, இனிமே நீ போய்க் குளி" என்றார் வீட்டுக்காரர்.

விடுமுறை முடிந்து வந்ததும் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டார். நியாயமான கோபம். நாளைக்கு அந்த அண்ணன், கம்பெனியே ஒத்துக்கொண்டது என்று வழக்குப் போட்டிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். உங்களையும் அப்படிப் பேசச் சொல்லி நான் இதை எழுதவில்லை. விதி விதிதான். ஆனால் ஏணியில் நிற்கிற ஆளை முதலில் இறக்குங்கள், மேலாளரிடம் திட்டு வாங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். திட்டு எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறேன்.

இப்போது உங்கள் ஆப்பில் எல்லாம் தெரிகிறது. கேமரன் மலையில் ஒரு டேங்க் குளிர்ந்தால் ஷா ஆலத்தில் மணி அடிக்கிறது. நல்லதுதான். ஆனால் தண்ணீரின் சூடு தெரியுமே தவிர, போன் செய்கிறவர் எங்கே நிற்கிறார் என்று அதற்குத் தெரியாது. யாருக்குப் பயந்து நிற்கிறார் என்றும் தெரியாது. அதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குரலைக் கேளுங்கள். எரியவில்லை என்கிறாரா, எரியாது என்கிறாரா என்று கவனியுங்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகு வருட சர்வீஸுக்கு நானே மலைக்குப் போனேன். குணா கூரை ஏற ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தார், அதைப் பெருமையாகக் காட்டினார். நீங்கள் ஏறவே வேண்டாம் என்றேன். சமையலறைப் பக்கம் போய்ச் சுவிட்சைப் பார்த்தேன். லைட் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, சுவிட்ச் மூடியின் நடுவில், காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு, அதில் ஒரு துளி குங்குமம். தீபாவளி முடிந்து மலையிலிருந்து இறங்கும்போது அண்ணன் வைத்துவிட்டுப் போனாராம்.

அடுத்த மாதம் உங்களில் யாரோ அந்த விடுதிக்கு சர்வீஸுக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். செல்வம் ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து புதிதாக வைக்கிறாராம். பேனலைத் துடையுங்கள், டேங்கைத் துடையுங்கள், சுவிட்ச் மூடியையும் துடையுங்கள். அந்தப் பொட்டை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.